யார் மூப்பர்? கறுப்பினப் பிரஸ்பிட்டேரியன் சபைகளின் கதை

"கடவுள் முன்னால் எல்லோரும் சமம்" என்ற பேச்சைக் கேட்டுச் சலித்துப்போன மக்கள் நாம். கோயிலுக்குள் விடாதவர்களும் அதைச் சொன்னார்கள். தேவாலயத்துக்குள் தனி வரிசை போட்டு நம்மை உட்கார வைத்தவர்களும் அதையே சொன்னார்கள். அதனால் எந்த அமைப்பு சமத்துவம் பேசினாலும் அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முடிவெடுக்கும் கூட்டத்தில் யாருக்கு ஓட்டு?

இந்தக் கேள்வியை 200 ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் கேட்டுவந்தவர்கள் அமெரிக்காவின் கறுப்பினப் பிரஸ்பிட்டேரியன் கிறித்தவர்கள். எண்ணிக்கையில் அவர்கள் சிறிய கூட்டம். கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட் சபைகளுக்குப் போனார்கள். இவர்களோ வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு திருச்சபைக்குள்ளேயே நின்று போராடினார்கள். அவர்கள் கையில் இருந்த கருவி 'மூப்பர்' என்ற பதவி. அதற்குச் சம்பளம் கிடையாது, அங்கி கிடையாது. ஓட்டு மட்டும் உண்டு. அந்த ஓட்டு எப்படிக் கைக்கு வந்தது, அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூப்பர் என்றால் யார்?

'பிரஸ்பிட்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருளே மூப்பர் என்பதுதான். நம் பக்கத்தில் ஊர் மூப்பன் என்றால் பெரும்பாலும் பரம்பரையாக வருகிறவர். பிரஸ்பிட்டேரியன் மூப்பர் அப்படி வருவதில்லை. சபையார் கூடி அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வான பிறகு தலையில் கைவைத்து அவரை நியமிக்கிறார்கள். அவர் ஆசிரியராக இருக்கலாம், தச்சராக இருக்கலாம், வீட்டு வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் திருச்சபையில் பிஷப் கிடையாது. ஒரு சபையை நடத்துவது போதகரும் மூப்பர்களும் சேர்ந்த குழு. அதைச் 'செஷன்' என்பார்கள். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, பெயர்ப் பதிவேட்டை வைப்பது, எந்த நாளில் திருவிருந்து, ஏழைகளுக்கு என்ன உதவி, கட்டடத்தை யாருக்குத் திறந்துவிடுவது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். பல சபைகள் சேர்ந்தது 'பிரஸ்பிட்டரி'. அதற்கு மேலே சினாடு. எல்லாவற்றுக்கும் மேலே பொதுப் பேரவை. பேரவையில் போதகர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் மூப்பர்களும் பிரதிநிதிகளாக உட்கார வேண்டும் என்பது விதி. படித்த போதகருக்கும் ஒரு ஓட்டு, மூப்பருக்கும் ஒரு ஓட்டு.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, செஷனின் நடவடிக்கைக் குறிப்பேட்டை மேலே உள்ள பிரஸ்பிட்டரி வாங்கிச் சரிபார்க்கும். எழுதாமல் எதையும் முடிவு செய்துவிட முடியாது. இரண்டு, செஷனின் தீர்ப்பு தவறென்று பட்டால் பிரஸ்பிட்டரிக்கும், அங்கிருந்து பேரவை வரைக்கும் மேல்முறையீடு செய்யலாம். கடைக்கோடிச் சபையின் உறுப்பினர் ஒருவர் தன் வழக்கைத் தேசிய அளவுக்குக் கொண்டுபோக வழி இருந்தது.

சிறிய சபையில் மூப்பரின் வேலை இன்னும் கனமானது. போதகர் பல சபைகளைச் சுற்றிவருவார். மற்ற நாட்களில் சபையைக் கட்டிக் காப்பது மூப்பர்தான். நோயாளியைப் பார்ப்பது, சண்டையைத் தீர்ப்பது, காணிக்கைக் கணக்குப் பார்ப்பது, ஞாயிறு பள்ளியை நடத்துவது, மழையில் ஒழுகும் கூரையைச் சரிசெய்வது எல்லாம் அவர் தலையில் விழும்.

காகிதத்தில் இருந்த சமத்துவம்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பு எப்படி இருந்தது?

1541இல் ஜெனீவாவில் ஜான் கால்வின் இந்த ஏற்பாட்டை அமைத்தபோது 12 மூப்பர்கள் நகராட்சி மன்றங்களிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். அதாவது ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தவர்களே சபையிலும் ஆண்டார்கள். 1560இல் ஸ்காட்லாந்தில் ஜான் நாக்ஸும் அவர் தோழர்களும் எழுதிய ஒழுங்குமுறை நூல் சற்று விழிப்போடு இருந்தது. மூப்பர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டும், நீண்ட நாள் பதவியில் இருந்தால் சபையின் சுதந்திரத்தின்மேல் கைவைத்துவிடுவார்கள் என்று அது எச்சரித்தது. 1578இல் வந்த இரண்டாவது நூல் அதை மாற்றி ஆயுள் பதவியாக்கியது. பல ஊர்களில் நிலக்கிழாரும் வணிகரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

இந்த முறை கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. அங்கே தென்மாநிலங்களில் மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்த எசமானர்கள். அடிமைகளும் அதே சபையின் உறுப்பினர்கள். ஞானஸ்நானம் உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு. அவர்களுக்கு இடம் மாடத்தில். தவறு செய்ததாகப் புகார் வந்தால் விசாரிப்பது செஷன். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. எசமானர் நினைத்தால் கணவனை ஒரு திசையிலும் மனைவியை வேறு திசையிலும் விற்கலாம். அப்படிப் பிரிக்கப்பட்டவர்களையே குடும்ப ஒழுக்கம் தவறியதாகக் கூப்பிட்டு விசாரித்தது, அடிமை வைத்திருந்தவர்கள் உட்கார்ந்திருந்த செஷன்.

1818இல் பொதுப் பேரவை ஓர் அறிக்கை வெளியிட்டது. அடிமைமுறை மனித உரிமைகளை மிக மோசமாக மீறுவது என்று அதில் கடுமையாகவே எழுதினார்கள். அதே பேரவைதான் அடிமைமுறையை வெளிப்படையாக எதிர்த்த ஜார்ஜ் போர்ன் என்ற போதகரின் பதவி பறிப்பையும் உறுதிசெய்தது. தீர்மானம் ஒரு பக்கம், தண்டனை ஒரு பக்கம். இந்த வித்தை நமக்குப் புதிதல்ல.

வேலை உண்டு, ஓட்டு இல்லை

ஜார்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி கவுன்டியில் சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் இருந்தார். தோட்ட முதலாளி. அடிமைகளுக்கு நற்செய்தி சொல்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அந்தப் பகுதியில் அடிமைகளுக்குள்ளிருந்தே சிலரைக் 'காவலர்' என்று நியமித்தார்கள். தோட்டத்துக் குடியிருப்பில் ஜெபம் நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, சண்டை தீர்ப்பது, யார் எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்துச் சபைக்குச் சொல்வது அவர்கள் வேலை.

இந்தப் பட்டியலை மூப்பரின் வேலைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே வேலைதான். செஷனில் இடமும் ஓட்டும் மட்டும் இல்லை.

பிரதிநிதித்துவம் என்று எதைச் சொல்லி நம்மை ஏமாற்றுவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. பொறுப்பு கொடுப்பார்கள், பட்டம் கொடுப்பார்கள், மேடையில் பெயரையும் சொல்வார்கள். கணக்குப் புத்தகமும் கையெழுத்தும் மட்டும் வேறொருவர் கையில் இருக்கும். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் தலித் பெண் பெயருக்கு இருக்க, ஆதிக்கசாதித் துணைத்தலைவர் ஊராட்சியை நடத்தும் ஊர்களைப் பார்த்த நமக்கு அந்தக் காவலர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் காவலர்களைக் கைப்பாவைகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. எசமானரின் கண்காணிப்புக்கு நடுவிலேயே தம் மக்களை ஒன்றாக வைத்திருந்தவர்கள் அவர்கள்.

பிலடெல்பியா 1807

ஓட்டுக்கான முதல் வழி தனிச் சபை. டென்னஸியில் அடிமையாகப் பிறந்தவர் ஜான் க்ளஸ்டர். அவருடைய எசமானரான பிரஸ்பிட்டேரியன் போதகர் கிடியன் பிளாக்பர்ன் அவரிடம் போதகத் திறமையைக் கண்டு விடுதலை கொடுத்தார். க்ளஸ்டர் பிலடெல்பியாவுக்கு வந்து தெருமுனையில் நின்று பாடினார், பிரசங்கித்தார். 1807இல் முதல் ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை அங்கே உருவானது. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று அமைந்த முதல் பிரஸ்பிட்டேரியன் சபை அதுதான். 1811இல் சொந்தக் கட்டடம் எழுந்தது.

போதகர் விடுதலையாகிவிட்டார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அப்போதும் அடிமைகள். அவர்களை மீட்க 1,500 டாலர் தேவைப்பட்டது. க்ளஸ்டர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்து அந்தப் பணத்தைத் திரட்டி மீட்டார். இப்படிப்பட்ட போதகர் அடிக்கடி வெளியூரில் இருந்தால் சபையை யார் நடத்தியிருப்பார்கள் என்று யோசியுங்கள். பகலெல்லாம் கூலிவேலை பார்த்துவிட்டு வரும் சபை மக்கள்தான்.

1822இல் க்ளஸ்டர் இறந்தார். அடுத்த போதகர் யார் என்பதில் சபை பிளந்தது. மகன் ஜெரமையா வேண்டும் என்றவர்கள் வெளியேறி 1824இல் இரண்டாவது ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையைத் தொடங்கினார்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்குள் இப்படிப் பிளவு வந்தால் "இவர்களுக்கு ஒற்றுமை தெரியாது" என்று சிரிப்பவர்கள் உண்டு. நாம் வேறு மாதிரி பார்க்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை தங்களுக்கு எந்தப் போதகர் என்று கேட்கப்படாத மக்கள், தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுப்போம் என்று வாதாடினார்கள். உரிமை கைக்கு வந்தால் கருத்து வேறுபாடும் கூடவே வரும்.

க்ளஸ்டரிடம் பயின்றவர் சாமுவேல் கார்னிஷ். நியூயார்க்கில் கறுப்பினப் பிரஸ்பிட்டேரியன் சபையைக் கட்டினார். 1827 மார்ச்சில் ஜான் ரஸ்வர்முடன் சேர்ந்து 'ஃபிரீடம்ஸ் ஜர்னல்' இதழைத் தொடங்கினார். அமெரிக்காவில் கறுப்பின மக்களே நடத்திய முதல் செய்தித்தாள் அது. சபையை நடத்தப் பழகிய கைகள் பத்திரிகையும் நடத்தின.

இந்தச் சபைகள் யாருக்கு எரிச்சல் தந்தன என்பதும் விரைவில் தெரிந்தது. 1842 ஆகஸ்ட் 1 அன்று, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடிக் கறுப்பின மக்கள் பிலடெல்பியாவில் ஊர்வலம் போனார்கள். வெள்ளைக் கும்பல் தாக்கியது. இரண்டாவது ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் கட்டடம் கொளுத்தப்பட்டது. அப்போது அங்கே போதகர் க்ளஸ்டரின் இன்னொரு மகன் ஸ்டீஃபன். சாம்பலிலிருந்து மறுபடி சபையைக் கட்டினார்கள்.

பெயரை எழுதி வைத்த மூப்பர்

அதே பிலடெல்பியாவில் வாழ்ந்த ஒரு பிரஸ்பிட்டேரியன் மூப்பரை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் வில்லியம் ஸ்டில். 1821இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். தந்தை விலை கொடுத்து விடுதலை வாங்கியவர், தாய் தப்பி வந்தவர். 1847இல் பென்சில்வேனியா அடிமைமுறை எதிர்ப்புச் சங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தெற்கிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கு ஒளியிடம், உணவு, உடை கொடுத்து வடக்கே கனடா வரை அனுப்பும் குழுவை நடத்தினார். நூற்றுக்கணக்கானவர்களுக்கு உதவினார்.

வந்தவர்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து எழுதினார். உன் பெயர் என்ன, எசமானர் யார், தாய் தந்தை யார், யாரை விட்டுவிட்டு வந்தாய், புதிதாக வைத்துக்கொள்ளப்போகும் பெயர் என்ன? 1850இல் அப்படி வந்த ஒருவர் தன் தாய் தந்தை பெயரைச் சொன்னபோது, அவர் தன்னுடைய சொந்த அண்ணன் பீட்டர் என்று ஸ்டிலுக்குத் தெரிந்தது. தான் பிறப்பதற்கு முன்பே பிரிந்துபோன அண்ணன். சிதறிப்போன குடும்பங்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வேண்டுமானால் பதிவு வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. இந்தக் குறிப்புகள் பிடிபட்டால் எல்லோருக்கும் ஆபத்து. அதனால் அவற்றைக் கல்லறைத் தோட்டக் கட்டடம் ஒன்றில் ஒளித்து வைத்தார். 1872இல் புத்தகமாக்கினார். தப்பி வந்தவர்களை அவர்கள் சொந்த வரலாற்றின் நாயகர்களாகக் காட்டும் நூல் அது.

1880இல் மாத்யூ ஆண்டர்சன் என்ற போதகரோடு சேர்ந்து பெரியன் பிரஸ்பிட்டேரியன் சபை உருவாக ஸ்டில் துணைநின்றார். அந்தச் சபை 1888இல் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கியது. வங்கிகள் கதவடைத்த கறுப்பினக் குடும்பங்கள் அதன் வழியாக வீடு வாங்கின. பிறகு தொழிற்பயிற்சிப் பள்ளியும் வந்தது. ஆண்டர்சனின் மனைவி கரோலின், ஸ்டிலின் மகள். 1878இல் பட்டம் பெற்ற மருத்துவர். ஒரு சபையிலிருந்து வீட்டுக்கடனும் மருத்துவமும் தொழிற்கல்வியும் புறப்பட்டன.

விடுதலைக்குப் பிறகும் தனி வரிசை

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடுத்த ஆண்டே வட கரோலினாவில் கட்டாபா பிரஸ்பிட்டரி உருவானது. விடுதலையான மக்களின் சபைகளைக் கொண்டது. அந்த மாநிலத்தில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதை 1830லேயே சட்டம் தடுத்திருந்தது. பிரஸ்பிட்டேரியன் திருச்சபையோ படித்தவர்தான் போதகராகலாம் என்று கண்டிப்பாக நின்றது. படிக்கவிடாமல் செய்துவிட்டுப் படிப்பைத் தகுதியாகக் கேட்பது என்ன நியாயம்? நாம் நீட் வரை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அந்த மக்கள் இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்தார்கள். போதகர் இல்லாத இடங்களில் மூப்பர்கள் சபையைத் தாங்கினார்கள். சபைகளை ஒட்டிப் பள்ளிகள் எழுந்தன. 1867இல் சார்லட் நகரில் போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கத் தொடங்கிய பிடில் நிறுவனம் இன்று ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகம்.

தெற்கத்திய வெள்ளையரின் திருச்சபை வேறு பாதையில் போனது. சார்ல்ஸ்டன் நகரின் சியோன் சபையில் 1869இல் ஜான் ஜிரார்டோ என்ற வெள்ளைப் போதகர், விடுதலையான கறுப்பினத்தவர் 7 பேரை மூப்பர்களாக நியமித்தார். வெள்ளை மூப்பர்களும் அவர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் 1874இல் அந்தத் தெற்குத் திருச்சபை, கறுப்பின மக்கள் தனித் திருச்சபையாகப் போய்விடட்டும் என்ற முடிவுக்கு வந்தது. அந்தப் பேரவைக்குத் தலைமை வகித்தவர் அதே ஜிரார்டோ. நல்ல மனிதர் ஒருவரின் தயவில் கிடைத்த இடம் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதற்கு இது கணக்கு: ஐந்து.

வடக்கத்தியத் திருச்சபையும் கைசுத்தமாக இல்லை. 1905இல் கம்பர்லேண்ட் பிரஸ்பிட்டேரியன்களோடு இணைவதற்காக, ஒரே பகுதியில் நிறவாரியாகத் தனித்தனிப் பிரஸ்பிட்டரிகள் வைத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள். இதைக் கடுமையாக எதிர்த்தவர் வாஷிங்டன் பதினைந்தாம் தெரு சபையின் போதகர் ஃபிரான்சிஸ் கிரிம்கே. அடிமையாகப் பிறந்தவர். சாதிச் சபையை வைத்துக்கொண்டு கிறித்துவின் சபை என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். இணைப்பு நடந்தது. கிரிம்கேயும் தோழர்களும் வெளியேறவில்லை, உள்ளேயிருந்தே எதிர்த்தார்கள்.

பெண்கள் எங்கே?

இதுவரை சொன்ன மூப்பர்கள் எல்லோரும் ஆண்கள். சபையை உண்மையில் தூக்கி நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள். லூசி க்ராஃப்ட் லேனி 1883இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் பிரஸ்பிட்டேரியன் தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில் பள்ளி தொடங்கினார். அது ஹெய்ன்ஸ் கல்வி நிலையமாக வளர்ந்தது. பிற்காலத்தில் பெரும் தலைவரான மேரி மெக்லியட் பெத்யூன் படித்தது கான்கார்டின் ஸ்கோஷியா பள்ளியில், ஆசிரியராகப் பணியாற்றியது லேனியிடம். இவர்களில் யாருக்கும் அந்தக் காலத்தில் செஷனில் ஓட்டு கிடையாது.

1923இல் வடக்குத் திருச்சபை, பெண்கள் பணம் திரட்டி நடத்திவந்த மிஷன் வாரியங்களை அவர்களைக் கேட்காமலேயே மற்ற வாரியங்களோடு இணைத்தது. பெண்களிடம் கோபம் மூண்டது. 1927இல் காதரின் பென்னட், மார்கரெட் ஹாட்ஜ் இருவரும் அந்தக் கோபத்தின் காரணங்களை அறிக்கையாக எழுதினார்கள். 1930இல் பெண்கள் மூப்பராகலாம் என்று விதி மாறியது. தெற்குத் திருச்சபையில் இது 1964இல்தான் வந்தது. தாய்த் திருச்சபையான ஸ்காட்லாந்தில் 1966இல்.

வட கரோலினாவில் 1920இல் பிறந்தவர் தெல்மா டேவிட்சன் அடேர். ஸ்கோஷியா வழிவந்த பார்பர்-ஸ்கோஷியா கல்லூரியில் படித்தவர். பிறகு நியூயார்க்கின் ஹார்லெமில் குழந்தைகள் பள்ளிகளை நடத்தினார், கல்லூரிப் பேராசிரியரானார். அவர் கணவர் போதகர். தெல்மா போதகர் அல்ல, சபையின் மூப்பர். 1976இல் ஐக்கியப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப் பேரவை அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். மூப்பருக்கும் போதகருக்கும் சம உரிமை என்ற 400 ஆண்டுப் பழைய விதி, ஹார்லெமின் ஓர் ஆசிரியையிடம் வந்து உயிர் பெற்றது.

10,000 டாலர்

இந்த வரலாற்றில் நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. 1970இல் ஏஞ்சலா டேவிஸ் கைது செய்யப்பட்டார். கொலை, ஆள்கடத்தல், சதி என்று வழக்கு. அவர் கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை அற்றவர். கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் இருந்த ஒரு சிறிய பிரஸ்பிட்டேரியன் சபையின் வழியாக அவருடைய வழக்குச் செலவுக்கு உதவி கேட்டுக் கோரிக்கை போனது. ஏழைகளுக்கு நியாயமான விசாரணை கிடைக்க உதவும் நிதியொன்று திருச்சபையிடம் இருந்தது. அதிலிருந்து 1971இல் 10,000 டாலர் கொடுக்கப்பட்டது.

திருச்சபை முழுதும் கொந்தளித்தது. காணிக்கையை நிறுத்துவோம் என்று வெள்ளைச் சபைகள் மிரட்டின. அந்த ஆண்டுப் பேரவை, பணம் கொடுத்தது முறைதானா என்று கேள்வி எழுப்பியது. அப்போது கறுப்பினப் பிரஸ்பிட்டேரியன்கள் 20 பேர் தங்கள் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டு அந்தத் தொகையை ஈடுகட்டினார்கள். உங்கள் காசு உங்களுக்கே இருக்கட்டும், எங்கள் பெண்ணை நாங்கள் கைவிட மாட்டோம் என்பதே அதன் பொருள். 1972 ஜூன் 4 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஏஞ்சலா விடுவிக்கப்பட்டார்.

ஓட்டு இருந்ததால் கோரிக்கையை எழுப்ப முடிந்தது. சொந்தப் பணம் இருந்ததால் அதில் நிற்க முடிந்தது. இரண்டும் சேர்ந்துதான் அதிகாரம்.

நமக்கு என்ன?

இந்த மூப்பர் முறை நம் மண்ணுக்கும் வந்தது. ஸ்காட்லாந்து மிஷன் சென்னையிலும் செங்கல்பட்டிலும் வேலை செய்தது. அதன் போதகரான ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பகுதியில் நம் மக்களின் நில உரிமைக்காக 1890களில் வாதாடியவர். பஞ்சமி நில வரலாற்றைப் படிப்பவர்கள் அவர் பெயரைச் சந்திப்பார்கள். இதே மூப்பர் ஆட்சிமுறை கொண்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூர்ப் பக்கம் வேரூன்றியது. இந்த மரபுகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியாக 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. பிஷப் வந்தார். ஆனால் சபையார் ஓட்டுப் போட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் தொடர்கிறது.

அப்படியானால் நம் ஊர்களில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? நம் மக்கள் பெரும்பான்மையாக உள்ள சபைகளில் பொருளாளர் யார்? நடவடிக்கைக் குறிப்பேடு யார் வீட்டில் இருக்கிறது? கல்லறைக்கு இடம் ஒதுக்கும் முடிவு எந்தக் கூட்டத்தில், யாருடைய ஓட்டால் எடுக்கப்பட்டது? பெண்கள் எத்தனை பேர்? கிறித்தவர் அல்லாத தோழர்களும் இதே கேள்விகளைக் கூட்டுறவுச் சங்கத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் தொழிற்சங்கத்திலும் மாணவர் அமைப்பிலும் கேட்கலாம். நம்முடைய சொந்த இயக்கங்களிலும் கேட்க வேண்டும்.

இளைஞர்களுக்குப் பெரிய மேடைகள் பிடிக்கும். அதில் தவறில்லை. ஆனால் பத்துப் பேர் உட்காரும் சின்னக் கூட்டத்தில்தான் பெரும்பாலான அநியாயங்கள் தீர்மானமாகின்றன. அங்கே நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். விதிப்புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். தீர்மானத்தைச் சரியாக எழுத வைக்க வேண்டும். தோற்றால் மேல்முறையீடு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். மாதா மாதம், சலிக்காமல், சம்பளமில்லாமல் போய் உட்கார வேண்டும்.

உங்கள் ஊர்ச் சபையின், சங்கத்தின் அடுத்த தேர்தல் எப்போது என்று இந்த வாரமே விசாரியுங்கள். வாக்காளர் பட்டியலில் நம் மக்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், ஒரு பெண் தோழரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜெய் பீம்.